மேல பூட்டாங்க

படிவத்தில் நான்கு கட்டங்கள்தான். வசிக்கிறார். வசிக்கவில்லை. வீடு பூட்டியிருந்தது. இறந்துவிட்டார். ஒன்றில் டிக் அடித்து, கீழே இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அந்த நான்காவது கட்டத்தில் போட்டு அடைத்தவள் நான். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பயத்தால் அல்ல. பயமாக இருந்திருந்தால் இத்தனை நாளில் தெளிந்திருக்கும். இது வெட்கம்.

அப்போது நான் ரேஷன் கார்டு மனுக்களைப் பார்க்கும் ஒரு மண்டல அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அதற்கு முந்தைய மழையில் எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்திருந்தது. பாய், தலையணை, பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கறுப்பாக்கிவிட்டுப் போயிருந்தது. நகல் கார்டு கேட்டு மனுக்கள் குவிந்தன. குவிந்ததும் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு கார்டு ஓடுகிறது, செத்தவர் பெயரில் அரிசி போகிறது என்று பேச்சு. அதனால் ஒவ்வொரு நகல் மனுவையும் நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டாவது முறை நகல் கேட்டவர்களின் பெயருக்குப் பக்கத்தில் கணினியே ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துவிடும். அந்தப் புள்ளிகளைத் தேடிக்கொண்டு வெயிலில் அலைவதுதான் என் வேலை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், சொல்லக் கூசினாலும். நான் ராயபுரத்தில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். வீட்டில் எல்லோரும் 'இன்னா', 'கீது', 'வூடு' என்றுதான் பேசுவோம், அதில் ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்ததும் வெளியூரில் நாலு நாள் பயிற்சி வைத்தார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். எழுந்து நின்று, ராயபுரத்துல கீறேன் சார் என்றேன். வகுப்பே சிரித்தது. நாலு நாளும் எனக்குக் 'கீறேன்' என்றுதான் பெயர். சாப்பாட்டு வரிசையில்கூட, "கீறேன், கொஞ்சம் நகந்துக்கோ" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே சிரித்தேன். ஊருக்குத் திரும்பியதும் வாயைக் கழுவிவிட்டேன். அலுவலகத்தில் நான் பேசிய தமிழைக் கேட்டால் செய்தி வாசிப்பவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று கேட்பார்கள். தென்மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த புது அதிகாரி எந்த ஊரும்மா என்று விசாரித்தபோது, செங்கல்பட்டுப் பக்கம் என்று வாய் கூசாமல் சொன்னேன். அது என் அம்மா பிறந்த ஊர். நான் அங்கே நாலு முறை போயிருந்தால் அதிகம்.

அந்த மனுவும் சிவப்புப் புள்ளியோடுதான் வந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெண். கார்டில் அவர் ஒருவர் பெயர்தான். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. வெள்ளத்தில் கார்டு போய்விட்டதென்று ஒரு நகல் வாங்கியிருந்தார். ஏழே மாதத்தில் இன்னொன்று கேட்கிறார். காரணம் என்ற இடத்தில் 'எழுத்து அழிந்துவிட்டது' என்று இருந்தது. படித்ததும் எனக்குள் இருந்த போலீஸ்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் அட்டையில் எழுத்து எப்படியம்மா அழியும்? யாருக்குக் காது குத்துகிறாய்?

அது நான்கு மாடிக் குடியிருப்பு. கொடியில் காயும் துணிமேலெல்லாம் மின்நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். நான் போன நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்து நின்றது. குடத்தோடு ஓடியவர்கள் மத்தியில் நானும் என் கோப்பும் மாட்டிக்கொண்டோம். மனுவில் இருந்த கதவு எண்ணைத் தேடிப் பிடித்தால், கீழ்த்தளத்தில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. பூட்டு துருப்பிடித்திருந்தது. திரும்பும்போது யாரோ ஒரு பொம்பளை நிறைகுடத்தை என் கோப்பின் மேல் மோதிக் கொட்டிவிட்டாள். மனுக்கள் எல்லாம் நனைந்தன. வந்ததே கோபம் எனக்கு!

"ஏய், கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

கழுவி வைத்திருந்த வாய்தான். கோபம் வந்ததும் தானாகத் திறந்துகொண்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, பார்த்து வாங்க என்று மாற்றிப் பார்த்தேன். ஆனால் பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். நாற்பது வயசிருக்கும், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் யாரோ மேடமாட்டம் நிற்கிறேன் என்று நினைத்தாளாம், பார்த்தால் நம்ம வூட்டுப் பொண்ணு என்றாள். ராயபுரமா, காசிமேடா என்று கேட்டாள். எனக்கு ஆத்திரமும் அவமானமுமாக இருந்தது. சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் மனதில். மனுவில் இருந்த பெயரைச் சொல்லி, இவர் எங்கே என்று கேட்டேன்.

லாரி ஓட்டுநர் வண்டியை எடுக்கப் போவதாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி, இரண்டு கையிலும் குடம் இருந்ததால் மோவாயை மேலே தூக்கிக் காட்டினாள்.

"அவங்களா? மேல பூட்டாங்க. வெள்ளம் வந்துச்சுல்ல, அதுக்கு அப்பால."

எங்கள் பேச்சில் 'பூட்டாங்க' என்றால் போய்விட்டார்கள். வெறுமனே பூட்டாங்க என்றாலே பாதி நேரம் அது சாவுதான். அதிலும் மேலே மோவாயைக் காட்டி வேறு சொல்கிறாள். தனியாகவா இருந்தார்கள் என்று கேட்டேன். ஒண்டிக்கட்டைதான் என்றாள். "புள்ளயா குட்டியா, யாரு கீறாங்க. நாங்கதான் நாலு பேரா தூக்கினு போனோம்" என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்க்க ஓடிவிட்டாள்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இதற்கு மேல் ஒருவர் என்ன கேட்பார்? நானும் கேட்கவில்லை. நான்காவது கட்டத்தில் டிக் அடித்தேன். கீழே, 'மனுதாரர் வெள்ளத்துக்குப் பின் இறந்துவிட்டதாக அண்டை வீட்டார் தெரிவித்தனர். இறந்தவர் பெயரில் வேறு நபர் நகல் அட்டை பெற முயன்றதாகத் தெரிகிறது' என்று எழுதினேன். கையெழுத்து அழகாக விழுந்தது. எழுதும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாதக் கூட்டத்தில் அதிகாரி என் அறிக்கையை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். நாற்காலியைத் தேய்க்காமல் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசினால் எவ்வளவு வெளியே வருகிறது பாருங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணின் கார்டு அன்றே மூடப்பட்டது. நான் வீட்டுக்குப் போகும்போது மசால் பொரி வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை நேரம், ஒரு பெண் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். ஒடிசலான உடம்பு. ஈரமாய் ஊறி வெளுத்த விரல் நுனிகள். அவரிடமிருந்து ஐஸும் இறாலும் கலந்த வாசனை வந்தது. ஆதார் அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"ரேஷன் கடையில நான் செத்துப் பூட்டேன்னு சொல்றாங்கோ. இப்ப நான் இன்னா பண்ணணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. தாசில்தார் சான்று வேண்டும், இரண்டு போட்டோ வேண்டும் என்பதுபோல இதற்கும் ஏதாவது படிவம் இருக்கும் என்று நம்பிக் கேட்டார். ஆதாரில் இருந்த பெயரைப் பார்த்தேன். நான் மூடவைத்த கார்டின் பெயர்.

அவரே சொன்னார். இறால் உரிப்பவர்களுக்கு ஐஸ் தண்ணியிலேயே கை கிடப்பதால் ரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் எடுக்காது. அதனால் கார்டைக் காட்டித்தான் அரிசி வாங்க வேண்டும். கம்பெனியில் பையை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று கார்டை இடுப்பில் செருகிக்கொண்டே வேலை செய்வார். உப்புத் தண்ணியும் ஐஸும் பட்டுப் பட்டு அதில் இருந்த எழுத்தும் க்யூஆர் கோடும் உரிந்துவிட்டன. அதற்குத்தான் நகல் கேட்டார். பிளாஸ்டிக்கில் எழுத்து எப்படி அழியும் என்று கேட்டேனே, இப்படித்தான் அழியும்.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அம்மா, இது நான் செய்த தப்பு என்று ஆறு வார்த்தைகூட ஆகாது. நான், சிஸ்டம் மிஸ்டேக்கும்மா என்றேன். சிஸ்டம் பாவம், வாயில்லாத ஜீவன், எந்தப் பழியையும் தாங்கிக்கொள்ளும். ஒரு புது மனு எழுதிக்கொடுத்து, கைநாட்டு வாங்கி அனுப்பிவைத்தேன். போகும்போது, நல்லா இருப்ப தங்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அதிகாரி விடவில்லை. மோசடியைப் பிடித்தோம் என்று அவரும் மேலே எழுதியிருந்தார் அல்லவா? இறந்தவர் எப்படி எழுந்து வந்தார் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். வேலை ஒப்பந்த வேலை, ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் எழுதினேன். அண்டை வீட்டுப் பெண் பொய்யான தகவல் கொடுத்துவிட்டார் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட இன்றைக்குக் கொஞ்சம் தூங்குவேன். ஒரு வரி போதாதோ என்று பேனா நின்றது. 'மேற்படி அட்டையைத் தாமே பயன்படுத்தும் உள்நோக்கம் இருக்கலாம்' என்று சேர்த்தேன். யாரும் என்னிடம் அந்த வரியைக் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

புது மனுவை விசாரிக்க மறுபடியும் நானேதான் போக வேண்டியிருந்தது. வேறொருவர் போனால் குட்டு உடைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் படக் கூடாது என்று அவள் வேலைக்குப் போகும் நேரம் பார்த்துப் போனேன். பழைய மனுவில் கார்டில் இருந்த எண்ணே இருந்தது; புது மனுவில் அவர் சொல்லி நான் எழுதிய கதவு எண் வேறு. அதே கட்டடம், அதே படிக்கட்டு, ஆனால் மூன்றாவது மாடி.

இறால் அம்மா கதவைத் திறந்து, குந்து தங்கம் என்று பாயைத் தட்டிப் போட்டார். ஒற்றை அறை. பாதி அறையை ஒரு பச்சை இரும்பு பீரோ அடைத்துக்கொண்டிருந்தது. இந்தச் சின்ன அறையில் இதை எப்படி ஏற்றினீர்கள் என்று, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன்.

"கீழ் வூடு பூரா எண்ணெ. இருக்க முடில. இந்த வூட்டுக்காரங்க காலி பண்ணிக்கினு போனாங்கோ, என்னைய இங்க வந்து இருந்துக்கோன்னாங்க. பீரோவத்தான் தூக்க முடில. கீழ் வூட்டுப் பொண்ணு, அவ புருசன், இன்னும் ரெண்டு பேரு, நாலு பேரா தூக்கினு வந்தாங்க."

மேல பூட்டாங்க. மாடிக்கு. மோவாயைத் தூக்கி அவள் காட்டியது இந்த ஜன்னலைத்தான். நிமிர்ந்து பார்த்திருந்தால் கொடியில் காயும் சேலையாவது தெரிந்திருக்கும். நான் வெளியூர் ஆளாக இருந்திருந்தால் அவள் குடத்தை இறக்கி வைத்து, மூணாவது மாடிங்க, கடைசி வீடுங்க என்று பொறுமையாகச் சொல்லியிருப்பாள். நம்ம பொண்ணு, புரிந்துகொள்ளும் என்று நினைத்துத்தான் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. கீழ் வீட்டுப் பெண், அதே பக்கத்து வீட்டுக்காரிதான், அவர்களுக்கு உலை வைக்கும்போது இவருக்கும் ஒரு பிடி சேர்த்துப் போட்டாளாம். அவளுக்கே நாலு வாய். ரேஷன் அரிசி மாதக் கடைசி வரைக்கும் வராது. அப்படியிருந்தும் போட்டாளாம். இப்போது அவள் கார்டும் நின்றுவிட்டதாம். சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னான்னு தெரில. அவளுக்கு வந்துகீது, எங்கிட்ட குடுத்து வெச்சிருக்கா. நீ படிச்சவ, கொஞ்சம் படிச்சு சொல்லு தங்கம்."

அது எங்கள் அலுவலக நோட்டீஸ். விசாரணை முடியும்வரை கார்டு நிறுத்திவைக்கப்படுகிறது, நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. நடுவில், என் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்த வரிகள். நான் வாசித்தேன். பொய்யான தகவல் என்று வாசித்தேன். உள்நோக்கம் என்று வாசித்தேன். அப்படின்னா இன்னா என்று கேட்டார். உங்கள் கார்டை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள் என்று சொல்கிறார்கள் என்றேன்.

இறால் அம்மா, "எவன் எழுதினான் இத? அவன் வூட்ல சோறு துன்றவங்க இல்லியா?" என்றார். நான் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, படிவத்தில் 'வசிக்கிறார்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஒரு டீ போடட்டுமா என்று கேட்டார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். எவன் எழுதினான் என்றுதான் கேட்டார். எவள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விசாரணை நாளில் பக்கத்து வீட்டுக்காரி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதிகாரியின் அறையில் அவள் நிற்க, நான் கோப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அன்றைக்கு என்ன சொன்னீர்கள், அதை அப்படியே சொல்லுங்கள் என்றார்.

"மேல பூட்டாங்கன்னு சொன்னேன் சார். மாடிக்கு. பீரோவ நாலு பேரா தூக்கினு போனோம்னு சொன்னேன். வேற ஒண்ணியும் சொல்லல."

அதிகாரிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். அறையில் இருந்த எழுத்தரும் சிரித்தார். எனக்குப் பயிற்சி வகுப்பின் சிரிப்பு காதில் விழுந்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இதுதான் நடந்ததா, இவங்க பேசுறது உங்களுக்குப் புரியலையாம்மா என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணு பொடனிலயா கீது என்று நான் கத்தியதைக் கேட்டு, நிறைகுடத்தோடு நின்று சிரித்தவள். ராயபுரமா, காசிமேடா என்று கேட்டவள். நான் பொய் சொன்னால் பொய் என்று சொல்ல உலகத்திலேயே அவள் ஒருத்தியால்தான் முடியும். சொன்னால் அவள் கார்டு அன்றைக்கே திரும்பிவிடும், என் வேலை போய்விடும். அது தெரிந்தும் என் வாய் திறந்தது.

"புரியல சார். நான் இந்த ஊர் இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருக்கிறதா என்று நான் தேடினேன், இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா சார். அந்தப் பொண்ணு வெளியூரு. நாந்தான் புரியறாப்புல சொல்லல. தப்பு எம்மேலதான்."

அதிகாரிக்குப் பெரிய நிம்மதி. யாரையும் தண்டிக்க வேண்டியதில்லை. இரண்டு கார்டையும் இன்றே திறந்துவிடச் சொன்னார். எழுத்தர் குறிப்பை எழுதி வாசித்தார். விசாரணைப் பணியாளர் வெளியூரைச் சேர்ந்தவர் என்பதால் வட்டாரப் பேச்சைப் புரிந்துகொள்வதில் தவறு நேர்ந்துள்ளது, உள்நோக்கம் ஏதுமில்லை. எனக்கு உள்நோக்கம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள், எழுத்துக்கூட்டி, மெதுவாக. அதற்குப் பக்கத்தில் நான் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் விழுந்தது.

அவள் கிளம்பினாள். கதவருகே என் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றாள். ஏதாவது திட்டுவாள், திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"போயிட்டு வர்றேங்க, மேடம்" என்றாள். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, தெளிவாக, மெதுவாகச் சொன்னாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடம் நாங்கள் அப்படித்தான் பேசுவோம்.